விலகி நிற்கும் சூரியன்: கோள்களின் தூரக் கணக்கு

பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது என்று பள்ளியில் படித்தவரிடம் அந்தப் பாதையை வரையச் சொன்னால், படுக்கவைத்த முட்டைபோல் ஒன்றை வரைந்து, அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில் சூரியனை வைப்பார். பாடநூல் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. அதே படத்தை அளவெடுத்து வரைந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டத்தில் பூமியின் பாதையைத் தாளில் வரைவதாக வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் மையத்திலிருந்து விளிம்புவரை 50 சென்டிமீட்டர் என்றால், குறுக்குவாட்டில் அதைவிட 0.07 மில்லிமீட்டர்தான் குறையும். சாதாரணப் பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்கும். பாதையின் சப்பை முழுவதும் அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். கவராயம் போட்ட வட்டத்துக்கும் அதற்கும் எந்தக் கண்ணும் வேறுபாடு காணாது. ஆனால் சூரியனைக் குறிக்கும் புள்ளியை நடுமையத்தில் வைத்தால் அது தவறு. மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே தள்ளித்தான் அதை வைக்க வேண்டும்; அந்த விலகல் வெறுங்கண்ணுக்கே தெரியும். கோள்களின் நீள்வட்டத்தில் பாதை நீள்வது மிகக் குறைவு, சூரியன் விலகி நிற்பதுதான் பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம். கோள்களின் தூரமும் வேகமும் பருவமும் வெயிலும் மாறுவது அந்த விலகலால். பாதையின் சப்பைக்கு அதில் சிறு பங்குதான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வானியல் வரலாற்றின் ஒரு பெரிய திருப்பமும், பூமியின் தட்பவெப்பக் கதையின் ஒரு பகுதியும் தெளிவாகும்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. நீள்வட்டத்தின் மையத்துக்கும் குவியத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை நெட்டச்சின் (நீளவாட்டு விட்டத்தின்) பாதியால் வகுத்தால் கிடைப்பது மையத்தொலைத்தகவு. பூமிப் பாதைக்கு அது 0.0167. சூரியன் இருப்பது குவியத்தில். எனவே அது இந்த எண்ணின் அளவுக்கு விலகி நிற்கிறது. பாதை சப்பையாவதோ, இந்த எண்ணின் வர்க்கத்தில் ஏறத்தாழ பாதி அளவுக்குத்தான். சிறிய பின்னத்தை வர்க்கப்படுத்தினால் அது மிகச் சிறியதாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கிலோமீட்டரில் சொன்னால், பூமிப் பாதையின் நெட்டச்சில் பாதி 14.96 கோடி கி.மீ.; குற்றச்சில் (குறுக்குவாட்டு விட்டத்தில்) பாதி அதைவிடச் சுமார் 21,000 கி.மீ. மட்டுமே குறைவு. பூமியின் விட்டத்தில் இரு மடங்குகூட அது இல்லை. சூரியன் மையத்திலிருந்து விலகியிருப்பதோ 25 லட்சம் கி.மீ. சூரியனின் விட்டமே சுமார் 13.9 லட்சம் கி.மீ.தான் என்பதால், பூமிப் பாதையின் நடுமையம் சூரியனுக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் சூரிய அண்மைநிலையில் 14.71 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் சேய்மைநிலையில் 15.21 கோடி கி.மீ. என்று தூரம் 50 லட்சம் கி.மீ. மாறுவது இந்த விலகலின் இரு மடங்கன்றி வேறல்ல.

மற்றக் கோள்களிலும் இதே விகிதம்தான். செவ்வாயின் மையத்தொலைத்தகவு 0.0934. நம் ஒரு மீட்டர் படத்தில் அதன் பாதையின் சப்பை 2.2 மில்லிமீட்டர், சூரியனின் விலகல் 47 மில்லிமீட்டர். தூரம் 20.67 கோடி கி.மீ. முதல் 24.92 கோடி கி.மீ. வரை மாறுகிறது. எட்டுக் கோள்களில் மிக அதிகமாக விலகிய பாதை புதனுடையது, தகவு 0.2056. அங்கேயும் சப்பை ஒரு சென்டிமீட்டரை ஒட்டியதுதான், விலகல் 10 சென்டிமீட்டரைத் தாண்டும். 4.60 கோடி கி.மீ. தூரத்திலிருந்து 6.98 கோடி கி.மீ. தூரத்துக்குப் புதன் போய் வருகிறது. வெள்ளியின் பாதையில் விலகல்கூட அற்பமானது: தகவு 0.0068. குறுங்கோளான புளூட்டோவை எடுத்துக்கொண்டால் குற்றச்சு நெட்டச்சைவிட நூற்றில் 3 பங்கு மட்டுமே குறைவு. தூரமோ 444 கோடி கி.மீ. முதல் 738 கோடி கி.மீ. வரை. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது இதனால்தான். பாடநூலின் முட்டைப் படம் உண்மையிலேயே பொருந்துவது 0.967 என்ற தகவு கொண்ட ஹாலி வால்நட்சத்திரம் போன்றவற்றுக்கு. கோள்களுக்கு வரைய வேண்டியது மையம் தப்பிய வட்டம்.

வடிவம் கண்ணுக்குத் தெரியாது என்றால், இந்த விலகலை மனிதர்கள் எப்படிக் கண்டார்கள்? நாட்களை எண்ணித்தான். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் பருவங்களின் நீளத்தைக் கணக்கிட்டார். வசந்தகாலச் சம இரவு நாளிலிருந்து கோடைக் கதிர்த்திருப்பம்வரை 94½ நாட்கள். அங்கிருந்து இலையுதிர்காலச் சம இரவு நாள்வரை 92½ நாட்கள். ஆக மொத்தம் 187. ஆண்டின் எஞ்சிய பாதிக்கு 178 நாட்களும் சில மணி நேரமும்தான். வானில் சூரியன் கடக்கும் கோணம் இரண்டு பாதிகளிலும் 180 பாகையே. நாட்கள் மட்டும் ஒத்துவரவில்லை. இன்றைய நாட்காட்டியை எடுத்து யாரும் இதைச் சரிபார்க்கலாம்: மார்ச் 20-இலிருந்து செப்டம்பர் 22 அல்லது 23 வரை 186 நாட்கள், அங்கிருந்து அடுத்த மார்ச் 20 வரை 179. சூரியன் சீரான வேகத்தில் வட்டமாகச் செல்கிறது, நாம் அந்த வட்டத்தின் நடுவில் இல்லை என்று ஹிப்பார்க்கஸ் விளக்கினார். ஆரத்தில் 24-இல் ஒரு பங்கு நாம் விலகியிருக்கிறோம் என்பது அவர் கண்ட விடை. எந்தத் திசையில் சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது என்பதையும் ஏறக்குறைய சரியாகவே சொன்னார். தொலைநோக்கியோ நீள்வட்டமோ இல்லாமல், வெறும் நாள் எண்ணிக்கையிலிருந்து கிடைத்த அறிவு இது.

தமிழ்ச் சூரிய மாதங்களின் நாள் எண்ணிக்கையில் இதே அறிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனி மாதத்துக்குப் பல ஆண்டுகளில் 32 நாட்கள் வரும். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாட்கள்தான். ஆங்கில மாதங்களில் பிப்ரவரிக்கு 28 நாள் என்பதைப் போல இதுவும் ஏதோ வழக்கம் என்று ஒருவர் நினைக்கலாம். அப்படி இல்லை. சூரியன் ஒரு ராசியின் 30 பாகையைக் கடக்க எடுக்கும் நேரமே ஒரு மாதம். பழைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தின் கணக்கின்படி, ஆனிக்குரிய மிதுன ராசியைக் கடக்க 31.64 நாட்களும், மார்கழிக்குரிய தனுசு ராசியைக் கடக்க 29.32 நாட்களும் ஆகும். பூமி சேய்மைநிலையில் இருக்கும் ஜூலைத் தொடக்கம் ஆனியில் விழுகிறது. அண்மைநிலையில் இருக்கும் ஜனவரித் தொடக்கம் மார்கழியில் விழுகிறது. மிக நீண்ட மாதமும் மிகக் குறுகிய மாதமும் பூமிப் பாதையின் இரண்டு கோடிகளையும் அப்படியே காட்டிக்கொடுக்கின்றன. சூரியனின் மந்தோச்சம், அதாவது அது மிக மெதுவாக நகரும் திசை, 77 பாகையைச் சற்றுத் தாண்டியிருக்கிறது என்பது சித்தாந்தக் கணக்கு. இன்றைய வானியல் அதே நட்சத்திர அளவையில் ஏறத்தாழ 79 பாகை என்கிறது. பஞ்சாங்கம் பழைய வாய்பாட்டைத் திருப்பிச் சொல்கிறதே தவிர, ஆண்டுதோறும் வானத்தை அளப்பதில்லையே என்று கேட்டால், அது உண்மைதான். ஆனால் அந்த வாய்பாடு என்றோ வானத்தை அளந்துதான் உருவானது. அதன் சிறு குறையும் நமக்குப் பயன்படுகிறது: இன்றைய கணிப்பில் ஆனி 31½ நாட்களை ஒட்டியது, மார்கழி 29.4 நாட்களை ஒட்டியது. சித்தாந்தம் ஏற்ற இறக்கத்தைச் சற்றே மிகைப்படுத்துகிறது. திசையைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

திசையையும் காலத்தையும் இவ்வளவு நன்றாகக் கண்டவர்கள் தூரத்தில் மட்டும் ஏன் சறுக்கினார்கள்? 24-இல் ஒரு பங்கு என்பது 0.0417, பூமிப் பாதையின் உண்மையான விலகல் அதில் பாதிகூட இல்லை. ஒரு பகுதி அளவைப் பிழை. பெரிய பகுதி கோட்பாட்டுப் பிழை. அதை இரண்டு எளிய அளவுகளை ஒப்பிட்டாலே பார்த்துவிடலாம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் நாளொன்றுக்கு வானில் 61 கோண நிமிடத்துக்குச் சற்று மேல் நகர்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 57 நிமிடத்துக்குச் சற்று மேல். வேறுபாடு நூற்றுக்கு 7 பங்கை ஒட்டியது. சூரியத் தட்டின் தோற்ற அளவோ ஜனவரியில் 32½ நிமிடம், ஜூலையில் 31½ நிமிடம். வேறுபாடு நூற்றுக்கு 3½ பங்குக்கும் சற்றுக் குறைவு. சூரியன் (இன்று நாம் சொல்வதானால் பூமி) சீரான வேகத்தில் சென்று, அருகில் வரும்போது வேகமாகத் தெரிவது மட்டுமே நடக்கிறது என்றால் இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மற்றதைப் போல் இரு மடங்காக இருக்கிறது. அப்படியானால் வேக மாற்றத்தில் பாதிதான் தூரத்தால் வரும் தோற்றம். மறுபாதி உண்மையான வேக மாற்றம். அண்மைநிலையில் பூமி நொடிக்கு 30.3 கி.மீ. வேகத்திலும், சேய்மைநிலையில் 29.3 கி.மீ. வேகத்திலும் செல்கிறது. சீரான இயக்கம் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், முழு வேக மாற்றத்தையும் தூரத்தின் தலையில் கட்டினார்கள். அதனால் தூர மாற்றம் இரட்டித்தது. கோள்களுக்கு இந்தப் பங்கீட்டை ஏற்றுக்கொண்ட பண்டைய வானியலாளர் தாலமி, சூரியனுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. சூரியத் தட்டின் அளவு மாறுவதே இல்லை என்றும் அவர் கொண்டார்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மானிய வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர். அதற்கு அவர் கையாண்ட வழி அபாரமானது. செவ்வாய் 687 நாட்களுக்கு ஒருமுறை தன் பாதையின் அதே இடத்துக்குத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் பூமி இரண்டு சுற்றுகளை முடிக்க இன்னும் 43½ நாட்கள் வேண்டும். எனவே அது வேறொரு இடத்தில் நிற்கும். 687 நாள் இடைவெளியில் எடுத்த செவ்வாய் அளவைகளை வரிசையாக வைத்தால், செவ்வாய் அசையாத குறியாகவும் பூமி இடம் மாறும் பார்வையாளராகவும் ஆகிவிடுகின்றன. நில அளவையாளர் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தைக் குறிவைத்துத் தன் இடத்தைக் கணிப்பதுபோல், செவ்வாயைக் குறிவைத்துப் பூமியின் இடங்களைக் கெப்ளர் ஒவ்வொன்றாகக் கணித்தார். வானியலாளர் டைக்கோ பிராகே பல்லாண்டுகள் சேர்த்துவைத்த துல்லியமான குறிப்புகள் இல்லாமல் இது நடந்திருக்காது. பூமிப் பாதையின் விலகல் பழைய கணக்கில் பாதிதான், எஞ்சிய பாதி உண்மையான வேக மாற்றம் என்பது தெரியவந்தது. பூமியும் மற்றக் கோள்களைப் போலவே சூரியனுக்கு அருகில் விரைந்து தொலைவில் தளர்கிறது என்ற முடிவு, அது ஒரு கோள்தான் என்பதற்கு வலுவான சான்றாகவும் ஆயிற்று.

இதைச் சூரியனை நேரடியாக அளந்தே சோதிக்கலாம். சோதித்தவர் இத்தாலிய வானியலாளர் ஜோவான்னி டொமினிக்கோ காசினி. போலோன்யா நகரின் சான் பெட்ரோனியோ பேராலயத்தில் 1655-இல் அவர் ஒரு நண்பகல் கோட்டை அமைத்தார். சுமார் 27 மீட்டர் உயரத்தில், கூரையில் ஒரு சிறு துளை. அதன் வழியே விழும் சூரிய ஒளி தரையில் பதித்த 67 மீட்டர் நீளக் கோட்டை நாள்தோறும் நண்பகலில் கடக்கும். கோடையில் அந்த ஒளிவட்டம் துளைக்கு அருகிலும், குளிர்காலத்தில் மிகத் தள்ளியும் நீண்டும் விழும். சாய்வையும் துளையின் அகலத்தையும் கழித்துவிட்டால் சூரியத் தட்டின் கோண அளவு கிடைக்கும். 27 மீட்டர் தொலைவில் ஒரு கோண நிமிடம் என்பது தரையில் 8 மில்லிமீட்டர், கையால் அளந்துவிடக்கூடியது. பழைய கணக்கு சரியென்றால் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் தட்டின் அளவு இரண்டு நிமிடத்துக்கு மேல் மாற வேண்டும். கெப்ளர் சரியென்றால் ஒரு நிமிடம். அளவை ஒரு நிமிடத்தையே காட்டியது. கலிலியோ 1633-இல் தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்ட நகரின் ஆலயத்திலேயே இந்தச் சான்று கிடைத்தது. பூமி நகர்கிறதா சூரியன் நகர்கிறதா என்ற சர்ச்சைக்கு இந்த அளவை விடை சொல்லவில்லை; சீரான வேகம் என்ற கொள்கைக்கு மட்டும் அது இடம் வைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லாம் விலகலால்தான் என்றால், நீள்வட்டம் எதற்கு? மையம் தப்பிய வட்டமும் மாறும் வேகமும் போதாதா? பூமிக்குப் போதும் என்றே சொல்லலாம். செவ்வாய்க்குப் போதாது. வட்டப் பாதையை வைத்துக்கொண்டு, விலகலைச் சரிபாதியாகப் பங்கிட்டபோது, கெப்ளரின் கணக்கு சில இடங்களில் டைக்கோவின் அளவையிலிருந்து 8 கோண நிமிடம் தப்பியது. முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான் அது. டைக்கோவின் அளவைகள் ஓரிரு நிமிடத்துக்கு மேல் தவறாது என்பதால் கெப்ளர் அதை ஒதுக்கவில்லை. பங்கீட்டை மாற்றினால் திசைகள் சரியாகும், தூரங்கள் கெட்டுவிடும். கடைசியில் தூரத்தையே தனியாக அளந்தபோது, செவ்வாய் பாதையின் பக்கவாட்டில் வட்டத்துக்கு உள்ளே விழுவது தெரிந்தது; ஆரத்தை 1,00,000 என்று கொண்டால் 429 அளவுக்கு. கிலோமீட்டரில் பத்து லட்சத்தை ஒட்டியது. அதே சமயம் செவ்வாயிலிருந்து சூரியனுக்கும் பாதையின் மையத்துக்கும் செல்லும் கோடுகளுக்கு இடையிலான மிகப் பெரிய கோணம் 5 பாகை 18 நிமிடம். அதன் சீகண்ட் மதிப்பு 1.00429. தொடர்பே இல்லாத இரண்டு கணக்குகளில் அதே 429 வந்து நின்றது கெப்ளருக்கு வழி காட்டியது. 1609-இல் வெளியான ‘புதிய வானியல்’ நூலில் செவ்வாயின் பாதை நீள்வட்டமாயிற்று.

ஆகவே சப்பை சிறியது என்பதற்காக அது முக்கியமற்றது என்று நான் சொல்லவில்லை. விளைவுகளில் அது சிறியது. காரணத்தைக் காட்டியதில் பெரியது. மையம் தப்பிய வட்டத்தில், சூரியன் ஏன் குறிப்பிட்ட அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு விடை கிடையாது. நீள்வட்டத்தில் உண்டு. 1687-இல் நியூட்டன், தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் ஈர்ப்புவிசை இருந்தால், மூடிய பாதை நீள்வட்டமாகவும் ஈர்க்கும் பொருள் அதன் குவியத்திலும் இருந்தே தீரும் என்று நிறுவினார். விலகலும் சப்பையும் ஒரே விதியின் இரு முகங்கள் என்று அப்போது ஆயிற்று. இன்னொன்றும் தெளிவாயிற்று: நீள்வட்டத்தின் மற்றொரு குவியம் வெற்றிடம். அந்த வெற்றுக் குவியத்திலிருந்து பார்த்தால் கோள் ஏறக்குறைய சீரான கோண வேகத்தில் நகர்வதாகத் தெரியும். கோள் சீரான கோண வேகத்தில் நகர்வதாகத் தெரியும் இடம் என்று தாலமி கற்பித்த சமப்புள்ளி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருந்தது. பழையவர்கள் வட்டத்தின் மீதான பிடிவாதத்தால் கண்மூடியிருந்தார்கள் என்று சொல்லும் வழக்கமான கதை அரைகுறையானது. வட்டம் அவர்களைப் பெரிதாக ஏமாற்றவில்லை. தூரத்தைத் தனியாக அளக்க வழியில்லாமல், காலத்திலிருந்து அதை ஊகித்ததுதான் ஏமாற்றியது.

தூரத்தைப் பற்றிய கவனக்குறைவு இன்றும் நம்மிடம் இருக்கிறது. பாட அட்டவணைகள் புதனின் சராசரித் தூரம் 5.79 கோடி கி.மீ. என்கின்றன. அது நெட்டச்சின் பாதி. மிகக் குறைந்த தூரத்துக்கும் மிக அதிகத் தூரத்துக்கும் நடுவிலுள்ள எண். ஆனால் புதன் சூரியனுக்கு அருகில் விரைந்து கடந்துவிடுகிறது, தொலைவில் அதிக நாட்கள் தங்குகிறது. நாள் கணக்கில் சராசரி எடுத்தால் 5.91 கோடி கி.மீ. வரும். புதனின் ஆண்டு எத்தனை நாட்கள் என்று கேட்பவருக்கு முதல் எண்தான் வேண்டும். அது சராசரியாக எவ்வளவு தொலைவில் காலம் கழிக்கிறது என்று கேட்பவருக்கு இரண்டாவது. இரண்டில் எதுவும் பொய் அல்ல. ஒரே எண் எல்லாக் கேள்விக்கும் விடையாகாது என்பதுதான் செய்தி.

வெயிலுக்கு வருவோம். ஜூலை நெருங்கும்போது கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றும்: வழக்கமாக 9 கோடி கி.மீ. தூரத்திலிருக்கும் சூரியன் 15 கோடி கி.மீ.க்கு மேல் போய்விடும், கடும் குளிர் வரும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. 9 கோடி கி.மீ. தூரத்துக்குப் பூமி ஒருநாளும் போனதில்லை. ஒளி வந்து சேரும் நேரத்தில் சொன்னால் ஜனவரியில் 8 நிமிடம் 11 நொடி, ஜூலையில் 8 நிமிடம் 27 நொடி, அவ்வளவுதான் வேறுபாடு. இதற்கு நேர்மாறான மறுப்பும் உண்டு: சூரியன் அருகிலிருக்கும் ஜனவரியில்தானே நமக்குக் குளிர், ஆகவே தூரத்துக்கு வெப்பத்தில் பங்கே இல்லை என்பது. பருவங்களை உண்டாக்குவது பூமி அச்சின் 23½ பாகைச் சாய்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் பங்கே இல்லை என்பது தவறு. வெயிலின் செறிவு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பூமி முழுவதற்கும் சேர்த்து ஜனவரியில் வந்து விழும் வெயில் ஜூலையைவிட நூற்றுக்கு 7 பங்கு அதிகம். இருந்தும் உலகச் சராசரி வெப்பநிலை ஜூலையில்தான் 3 முதல் 4 பாகை செல்சியஸ் வரை கூடுதலாக இருக்கிறது. வட அரைக்கோளத்தில் நிலம் அதிகம். நிலம் விரைவில் சூடாகும். தெற்கில் கடல் அதிகம். கடல் வெப்பத்தை வாங்கி ஆழத்துக்குப் பரப்பிவிடும். நிலமும் கடலும் பங்கிட்டுக்கொண்ட விதம் தூரத்தின் விளைவை மறைத்திருக்கிறது, அதை அழிக்கவில்லை.

அப்படி மறைக்கக் கடல் இல்லாத செவ்வாயில் விலகல் வெளிப்படையாகத் தெரிகிறது. அண்மைநிலையில் செவ்வாய் பெறும் வெயில் சேய்மைநிலையைவிட நூற்றுக்கு 45 பங்கு அதிகம். அண்மைநிலை தென் அரைக்கோள வசந்தத்தின் பிற்பகுதியில் வருவதால், தெற்கின் கோடை குறுகியது, கடுமையானது. வடக்கின் கோடை நீண்டது, மிதமானது. வடக்கின் வசந்தம் 194 செவ்வாய் நாட்கள் நீள, தெற்கின் வசந்தம் 142 நாட்களில் முடிந்துவிடுகிறது. கோள் முழுவதையும் மூடும் தூசுப் புயல்கள் பெரும்பாலும் அண்மைநிலையை ஒட்டிய மாதங்களில் எழுகின்றன. 1971 நவம்பரில் மரினர் 9 விண்கலம் போய்ச் சேர்ந்தபோது தரையே தெரியாதபடி தூசு மூடியிருந்தது. 2018 ஜூனில் எழுந்த புயலில் சூரிய ஒளி மறைந்து ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி ஓய்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் செவ்வாய் அண்மைநிலையில் இருந்தது. புதனில் நிலைமை இன்னும் விசித்திரம். அது சூரியனை இரண்டு முறை சுற்றும் காலத்தில் தன்னை மூன்று முறை சுற்றிக்கொள்கிறது. அண்மைநிலையில் அதன் பயண வேகம் சுழற்சியை முந்திவிடுவதால், அங்கிருந்து பார்த்தால் சூரியன் வானில் நின்று, சில நாட்கள் பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னே செல்லும். ஒவ்வொரு அண்மைநிலையிலும் அதன் நடுக்கோட்டிலுள்ள எதிரெதிரான இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றே உச்சி வெயிலில் காய்கிறது. அதே நடுக்கோட்டில் கால் சுற்றுத் தள்ளியிருக்கும் இடங்கள், நண்பகலில்கூட அவற்றைவிட 100 பாகைக்கு மேல் குறைந்த வெப்பத்தையே காண்கின்றன.

இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. கோள் அருகில் இருக்கும்போது வெயில் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. கோணத்தைக் கடக்கும் வேகமும் அதே வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. இரண்டும் ஈடாகிவிடுவதால், பாதையின் ஒவ்வொரு பாகையிலும் பூமி பெறும் மொத்த வெப்பம் ஒன்றே. 186 நாள் நீளும் பாதியும் 179 நாள் நீளும் பாதியும் சம வெப்பத்தையே பெறுகின்றன. ஆண்டு மொத்தத்தைப் பார்த்தாலும், 0.0167 விலகலால் கூடுவது பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அப்படியிருக்க விலகல் தட்பவெப்பத்தை எப்படி மாற்றும்? மாற்றுவது மொத்தம் அல்ல, பங்கீடு என்பது விடை. சம வெப்பம் குறைந்த நாட்களில் கொட்டினால் கோடை கடுமையாகும். அதிக நாட்களில் பரவினால் மிதமாகும். பனிப்பாறை உருகுவதும் பருவக்காற்று வலுப்பதும் கோடையின் கடுமையைப் பொறுத்தவை. அண்மைநிலை பருவங்களோடு ஒப்பிடும்போது 58 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் நகர்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது டிசம்பர்க் கதிர்த்திருப்பத்தோடு பொருந்தியிருந்தது. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 21,000 ஆண்டுகள். 10,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முன் அண்மைநிலை வடக்கின் கோடையில் விழுந்தபோது பருவக்காற்று வலுத்தது. சகாரா பாலைவனத்தில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. தெற்காசியாவிலும் தென்மேற்குப் பருவமழை இன்றைவிட வலுவாக இருந்தது. தகவும் நிலையானதன்று, மற்றக் கோள்களின் ஈர்ப்பால் ஏறத்தாழ வட்டம் என்னும் நிலையிலிருந்து 0.06-ஐ ஒட்டிய அளவுவரை நெடுங்காலத்தில் ஏறி இறங்குகிறது. செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1976-இல் கடலடிப் படிவுகளின் ஆய்வு அந்தக் காலச் சுற்றுகளைக் கண்டுபிடித்தது. தகவின் ஒரு லட்சம் ஆண்டுச் சுற்று இவ்வளவு வலுவாகத் தெரிவது ஏன் என்பது இன்னும் விவாதத்தில் இருந்தாலும், விலகலின் கைவண்ணம் அந்தப் படிவுகளில் இருப்பதை மறுப்பவர் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மையத்தொலைத்தகவு என்ற ஒரே எண் கேள்விக்குக் கேள்வி வேறு வேறு எடையோடு வந்து நிற்பது புலப்படும். பாதையின் வடிவத்தைக் கேட்டால் அதன் வர்க்கம்தான் பதில் சொல்கிறது. பெரும்பாலும் ஒன்றுமில்லை என்கிறது. தூரத்தைக் கேட்டால் இரு மடங்காகவும், வெயிலைக் கேட்டால் நான்கு மடங்காகவும் பதில் சொல்கிறது. ஆண்டின் மொத்த வெப்பத்தைக் கேட்டால் மறுபடி வர்க்கத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. கோளின் பாதை வட்டமா நீள்வட்டமா என்று கேட்பதால் இந்த வேறுபாடுகள் எதுவும் வெளிவராது. நம் பாட அட்டவணைகள் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு சராசரித் தூரத்தை மட்டும் தந்து நிறுத்திக்கொள்கின்றன. அதன் பக்கத்தில் மையத்தொலைத்தகவும், அண்மைநிலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் இரண்டு சிறு கட்டங்களாகச் சேர்ந்தால் போதும். ஆனிக்கு ஏன் நாள் அதிகம், செவ்வாயின் தூசுப் புயல் எந்த மாதங்களில் எழும், சகாரா எப்போது பசுமையாக இருந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரு பள்ளி மாணவரே அந்த மூன்று எண்களிலிருந்து கணக்குப் போடத் தொடங்கலாம். விதவிதமான முட்டைப் படங்கள் எத்தனை வரைந்தாலும் அந்தக் கணக்கு வராது.